கவாத்து நாளும் மழை நாளும்: பெங்களூர் நீலத் திராட்சையின் அறுவடைப் பருவம்

பெங்களூரின் கிழக்கே காக்ஸ் டவுனை ஒட்டியுள்ள ஜீவனஹள்ளி, பெயரளவில் இன்னும் கிராமம்தான். ‘ஹள்ளி’ என்னும் கன்னடச் சொல்லுக்குச் சிற்றூர் என்பதே பொருள். 1809இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றி அமைத்த தண்டுப்பகுதி விரிந்தபோது, தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வந்து தங்கிய கிழக்குப் புறத்தில், சுற்றியிருந்த ஊர்களின் விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின. தண்டின் கலெக்டராக இருந்த ஏ. ஆர். காக்ஸின் பெயரால் அமைந்த காக்ஸ் டவுனுக்கு அருகில் ஜீவனஹள்ளியும் நகரத்தோடு கலந்துவிட்டது. ஏரும் களமும் அங்கிருந்து மறைந்தபின் வேளாண்மையின் பருவத்தை அத்தெருக்களுக்கு அறிவிப்பவை தள்ளுவண்டிகளே. தை பிறந்த பிறகு ஒருமுறையும், ஆனி ஆடி மாதங்களில் மறுமுறையும், தடித்த தோலும் கொட்டையும் உடைய கருநீலத் திராட்சை அவற்றில் குவிகிறது. வணிகத்தில் பெங்களூர் புளூ என வழங்கும் இப்பழம் ஆண்டுக்கு இருமுறை வருவதற்கும், தைப் பழம் இனித்து ஆடிப் பழம் புளிப்பதற்கும் உரிய காரணத்தை அறிய, திராட்சைக் கொடியின் இயல்பையும் இப்பீடபூமியின் மழையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி மழைக்கு முன்பாகக் குளிருக்குக் கட்டுப்பட்டது. இலையுதிர்காலம் முடிந்ததும் இலைகளை உதிர்த்து உறங்கிவிடும் கொடி, வசந்தத்தில் வெப்பம் ஏறத் தொடங்கிய பின்னரே துளிர்த்து, கோடையில் பூத்துக் காய்த்து, செப்டம்பரை ஒட்டிப் பழுக்கிறது. கோடை வெம்மையாக இருந்தால் அறுவடை முந்தும், குளிர்ந்திருந்தால் பிந்தும். இதனால்தான் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் ஊரில் 1354 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் அறுவடைத் தேதிகளை, வெப்பமானி கண்டுபிடிக்கப்படாத நூற்றாண்டுகளின் வெப்பநிலைப் பதிவேடாகவே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். 1988க்குப் பிறகு அவ்வூரின் அறுவடை முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாட்கள் முந்திவிட்டது என்ற முடிவும் அப்பதிவுகளிலிருந்தே பெறப்பட்டது.

பெங்களூரில் அத்தகைய பதிவேடு ஒன்றை எவரேனும் பேணியிருந்தாலும் அது வெப்பத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லியிருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 13 பாகை வடக்கே, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உள்ள இப்பீடபூமியில் மார்கழிக் குளிரும் கொடியை உறங்கவைக்கும் அளவுக்குக் கடுமையானதன்று. உறக்கமில்லாத கொடி ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். விட்டுவிட்டால் கிளையும் இலையுமாகப் படர்ந்து, காய்ப்பைச் சீரற்றதாக்கிவிடும். அதற்கு ஓர் ஆண்டின் தொடக்கத்தை மனிதனே வகுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முற்றிய கிளைகளைக் குறிப்பிட்ட கணு வரை வெட்டி எஞ்சிய மொட்டுகளைத் துளிர்க்கச் செய்யும் அந்த வேலைக்குத் தமிழ் உழவர் வழக்கில் கவாத்து என்று பெயர். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் முற்றும். ஆகவே இங்கு அறுவடை நாள் என்பது வானிலையின் நேர் விளைவாக இல்லாமல், வரப்போகும் மழையைக் குறித்து நான்கு மாதங்களுக்கு முன்பே உழவர் செய்த கணிப்பாக இருக்கிறது.

ஆண்டுக்கு இருமுறை பழுக்கும் இவ்வழக்கம் தக்காணத்தில் மிகப் பழமையானது. முகம்மது பின் துக்ளக் தன் தலைநகரை 1327ஐ ஒட்டித் தௌலதாபாத்துக்கு மாற்றியபோது வடக்கிலிருந்து திராட்சையும் தெற்கே இறங்கியதாகத் தோட்டக்கலை வரலாறு கூறும்; அதே நூற்றாண்டில் அங்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, அந்நகரில் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை பழுப்பதைக் குறிப்பிட்டுள்ளார். குளிர்நாட்டு வழக்கத்தை அறிந்த பயணிக்கு அது குறித்துவைக்கத்தக்க புதுமையாகப் பட்டதில் வியப்பில்லை. பெங்களூரைப் பொறுத்தவரை, திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்கு அடுத்த ஆண்டான 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், சுல்தானின் தோட்டங்களில் சைப்ரஸ் மரங்களோடு திராட்சைக் கொடியும் செழித்து வளர்வதைக் கண்டு எழுதினார். தமிழ்நாட்டிலோ, சேலம், மதுரைப் பகுதிகளுக்குத் திராட்சை 1832ஐ ஒட்டிக் கிறித்தவ மறைப்பணியாளர் வழியாக வந்தது என்பது வழக்கமான வரலாறு. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை இந்த மரபைச் சேர்ந்தது. பெங்களூரைவிட இன்னும் தெற்கே, இன்னும் தாழ்வான வெப்பநிலத்தில் உள்ள அப்பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறார்கள்.

பெங்களூர் நீலத் திராட்சை இந்தப் பாரசீக, ஐரோப்பியக் கொடிவழிகளிலிருந்து வேறுபட்டது. உலகின் பெரும்பாலான மதுத் திராட்சைகள் ‘வைட்டிஸ் வினிஃபெரா’ என்னும் ஐரோப்பிய, மேற்காசிய இனத்தைச் சேர்ந்தவை; பெங்களூர் நீலமோ வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையான ‘வைட்டிஸ் லேப்ரஸ்கா’வின் குருதி கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய இசபெல்லா என்னும் வகையோடு இதைத் தோட்டக்கலை நூல்கள் இணைத்துப் பேசுகின்றன. அறையின் ஒரு மூலையில் வைத்தாலும் மறு மூலைக்கு எட்டும் அதன் மணமும், அழுத்தியவுடன் தோலிலிருந்து வழுக்கி வெளியேறும் சதையும் அந்த அமெரிக்க வழியின் அடையாளங்கள். பெங்களூரைச் சுற்றி இது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பயிராகிறது என்பது இதற்குப் புவிசார் குறியீடு பெற முன்வைக்கப்பட்ட வரலாறு. 2013இல் கிடைத்த அக்குறியீட்டின் எல்லைக்குள் பெங்களூர் நகரம், பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாபுரம், கோலார் மாவட்டங்கள் வருகின்றன.

அமெரிக்க வழி என்பது வெறும் மணத்தின் செய்தியன்று. மழையைத் தாங்கும் திறனின் வேரும் அதில்தான் இருக்கிறது. திராட்சையின் கொடிய எதிரிகளான பூசண நோய்கள் பல வட அமெரிக்காவில் தோன்றியவை. அங்குள்ள காட்டுக்கொடிகள் அவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பைப் பெற்றிருந்தன. அந்நோய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தபோது, எதிர்ப்பே அறியாத வினிஃபெராக் கொடிகள் கருகின. இலையின் அடிப்பக்கத்தில் வெண்பூஞ்சையாகப் படர்ந்து பூங்கொத்தையே உலர்த்திவிடும் அடிச்சாம்பல் நோய் பிரான்சில் 1878இல் தலைகாட்டியது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளித்தால் அது அடங்கும் என்பதைப் போர்தோவில் தாவரவியலாளர் மில்லார்தே 1885இல் அறிவித்தார். அந்த ஊரின் பெயராலேயே வழங்கும் போர்டோ கலவை இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் இன்றும் பழக்கமான மருந்து. மைசூர் அரசின் வேளாண்துறையை வளர்த்த கனடா நாட்டவரான லெஸ்லி கோல்மன், மலைநாட்டுப் பாக்கு மரங்களை மழைக்காலத்தில் அழுகச் செய்த கொளெரோகத்தை எதிர்க்க 1910ஐ ஒட்டி இதே கலவையைத்தான் பரப்பினார். மழை கொண்டுவரும் நோய்க்கு மயில்துத்தம் என்னும் பாடம் இந்நாட்டு உழவருக்குப் பாக்குத்தோப்பிலும் திராட்சைப் பந்தலிலும் ஒன்றாகவே கிடைத்தது எனலாம்.

இதில் எண்ணிப்பார்க்கத்தக்க முரண் ஒன்று உண்டு. இசபெல்லா உள்ளிட்ட ஆறு அமெரிக்க வழி வகைகளிலிருந்து மது செய்து விற்பதைப் பிரெஞ்சு அரசு 1934இல் சட்டத்தால் தடுத்தது. அவற்றின் மணம் தரமற்றது என்பதும், மதுச் சந்தையில் மிகுதி ஏற்பட்டிருந்தது என்பதும் அதன் பின்னணி. அங்கு விலக்கப்பட்ட குலத்தின் உறவே இங்கு ஊரின் பெயரைத் தாங்கி, அரசின் பாதுகாப்பையும் பெற்றது. தரம் என்பதை நாவின் சுவையால் மட்டும் அளந்தால் பிரெஞ்சுத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு மழைச் சிகரங்களைத் தாங்கி நிற்பதையும் தரமாகக் கொண்டால் பெங்களூர் உழவரின் தேர்வே சரி.

அந்த இரண்டு சிகரங்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பெங்களூரின் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் அமைகிறது. ஏப்ரல் மாதத்தில் இடியுடன் தொடங்கும் மாங்காய் மழை மே மாதத்தில் வலுத்து முதல் சிகரத்தை அடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தன் நீரைப் பெரும்பாலும் கொட்டிவிடுவதால், ஜூன், ஜூலை மாதங்களில் இங்கு வானம் மூடியிருந்தாலும் பெய்வது தூறலே. ஆகஸ்டு முதல் மழை ஏறி, செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் மட்டும் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெய்கிறது; வடகிழக்குப் பருவமழையின் ஓரமும், வங்கக்கடல் புயல்களின் வாலும் நவம்பரில் அவ்வப்போது எட்டிப்பார்க்கின்றன. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வானம் தெளிந்து, பகல் இளவெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும்.

நீலத் திராட்சையின் நாட்காட்டி இந்த இடைவெளிகளில் செருகப்பட்டது. அக்டோபரில் கவாத்து செய்த பந்தல், நவம்பரில் துளிர்த்துப் பூக்கிறது. டிசம்பரில் பிஞ்சு திரள்கிறது. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை, வறண்ட காற்றிலும் குளிர்ந்த இரவிலும் சர்க்கரை ஏறி நிறம் கறுத்து முற்றுகிறது. இதுவே சிறந்த அறுவடை. அது முடிந்ததும் மீண்டும் கவாத்து செய்தால் ஏப்ரலில் பூத்து, மே மழையில் காய் பருத்து, ஜூன் முதல் ஆகஸ்டு வரை இரண்டாம் பழம் கிடைக்கும். வினிஃபெரா வகைகளில் தாம்சன் சீட்லெஸ் போன்றவை, கோடையில் ஓங்கி வளர்ந்த கிளையின் நடுக்கணுக்களில்தான் பூ மொட்டை உருவாக்குகின்றன. அந்த உருவாக்கத்துக்குக் கவாத்துக்குப் பிந்திய ஓரிரு மாதங்களில் நல்ல வெயில் வேண்டும், மேகம் மூடினால் மொட்டு மலடாகும். ஆகவே அவற்றுக்கு ஏப்ரல் கவாத்து கிளையை உருவாக்க மட்டுமே பயன்படுகிறது, பழம் ஒருமுறைதான். நீலத் திராட்சையின் அடிக்கணுக்களே காய்க்கும் திறன் உடையவை என்பதால் இரண்டு கவாத்தும் பழம் தருகின்றன. நிலக்கரிபோல் கறுத்த புள்ளிகளாகத் தாக்கும் பறவைக்கண் நோயையும் அது நன்கு எதிர்க்கிறது. ஆனால் துரு நோய்க்கு எளிதில் ஆட்படும்.

கணிப்பு தவறினால் விளைவு கடுமையானது. கவாத்தை முன்கூட்டிச் செப்டம்பர் தொடக்கத்திலேயே செய்தால் விலை உயர்ந்த டிசம்பர் சந்தைக்குப் பழம் கிடைக்கலாம், ஆனால் இளந்துளிர் அக்டோபர் மழையில் சிக்கும். பூக்கும் வேளையில் பெய்யும் மழை மகரந்தத்தைக் கழுவிக் கொத்தை இடைவெளி விழச் செய்யும். முற்றிய பின் பெய்தாலோ வேர் உறிஞ்சிய நீர் தோலைப் பிளக்க, வெடித்த பழத்தில் பூசணமும் ஈயும் கூடி, ஓரிரு நாட்களில் கொத்து முழுவதும் அழுகும். 2021 நவம்பரில் தென்கர்நாடகத்தின் உட்பகுதியில் நாட்கணக்கில் கொட்டிய மழை, சிக்கபள்ளாபுரம், கோலார் மாவட்டங்களில் பூவும் பிஞ்சுமாக இருந்த திராட்சையை இவ்வாறே அழித்தது. காகிதத்தில் சீராகத் தெரியும் சராசரி மழை, பந்தலுக்குக் கீழே நிற்பவருக்குப் பெரிய உதவி செய்வதில்லை; எந்தப் பத்து நாளில் பெய்தது என்பதே அவர் அறிய வேண்டியது.

ஒரே வாரத்தில் ஒரு வட்டாரமே பழுத்து, பழுத்தது நான்கு நாளுக்கு மேல் தாங்காது என்பதால், பருவம் சந்தையிலும் தன் வேலையைக் காட்டியது. இடைத்தரகர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலையிலிருந்த உழவருக்காக, தோட்டக்கலைத் துறையைச் சேர்ந்த எம். எச். மரிகவுடாவின் முயற்சியால் 1959இல் பெங்களூர் திராட்சை வளர்ப்போர் கூட்டுறவு விற்பனை, பதனச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று நகரத்தின் முனைகள்தோறும் காய்கறியும் பழமும் விற்கும் ஹாப்காம்ஸ் கடைகள் அச்சங்கத்தின் வளர்ச்சியே. ஒரு நகரத்தின் காய்கறிக் கூட்டுறவு முழுவதும் திராட்சையின் அறுவடை நெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதைப் பெங்களூர்வாசிகளே பலர் மறந்துவிட்டனர். ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி ஹாப்காம்ஸ் நடத்தும் திராட்சை, தர்பூசணி மேளா, அக்டோபர் கவாத்தின் பயன் நகரை அடையும் நாளை அறிவிக்கும் விழாவாக நின்றுவிட்டது.

மதுவை எடுத்துக்கொண்டால் நீலத் திராட்சையின் வழி பெரும் ஆலைகளையும் வீட்டுச் சமையலறையையும் சேர்த்துச் செல்கிறது. தண்டுப்பகுதியில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரும் தமிழ்க் கத்தோலிக்கரும் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ரசம் ஊறவைக்கும் வழக்கத்தைக் காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், ஜீவனஹள்ளி முதலிய கிழக்குப் பகுதிகளில் விடாது காத்துவந்தனர். பழத்தைக் கழுவி உலர்த்தி, பீங்கான் ஜாடியில் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் சேர்த்து, துணி கட்டி மூன்று வாரமளவு புளிக்கவிட்டு, வடித்துத் தெளியவைப்பது அதன் பொதுவான முறை. டிசம்பரில் பருக வேண்டிய ரசத்துக்குப் பழம் சில மாதங்களுக்கு முன்பே ஜாடியில் இறங்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் அதற்கு வாய்ப்பது மேகமூட்டத்தில் பழுத்த இரண்டாம் அறுவடையே.

வீட்டுக் குறிப்புகளில் சர்க்கரை தாராளமாக இருப்பதன் காரணத்தையும் இங்கே காணலாம். சாற்றின் நூறு பங்கில் கரைந்துள்ள, பெரும்பாலும் சர்க்கரையான திடப்பொருளின் அளவைப் பிரிக்ஸ் என்பர். நீலத் திராட்சை நன்கு முற்றினாலும் அது 16 முதல் 18 அளவில்தான் நிற்கும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்து ஒரு விழுக்காடு மதுசாரம் உண்டாவதால், சிறந்த தைப் பழத்திலிருந்தே 10 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. அதற்குக் கீழே மது கெடாமல் நிற்பது கடினம். மழைப் பழத்துக்கு இன்னும் குறையும், புளிப்போ கூடும். வெயில் தராததைச் சர்க்கரையால் ஈடுசெய்யும் இம்முறையைப் பிரெஞ்சு வேதியலாளர் ஷப்தால் 1801இல் குளிர்ந்த ஆண்டுகளுக்காகப் பரிந்துரைத்தார். அவர் பெயரையே கேட்டிராத ஜீவனஹள்ளியின் பாட்டிமார், தம் வானிலை கற்பித்தபடி அதே முடிவுக்கு வந்திருப்பது அவர்களின் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த சான்று.

நகரத்துக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் நடந்தது வேறொரு சோதனை. தொழிலதிபர் கன்வல் குரோவர், ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்த மது வல்லுநர் ஜார்ஜ் வெஸ்ஸலின் துணையோடு தொட்டபள்ளாபுரத்துக்கு அருகில் பிரெஞ்சு மதுவகைக் கொடிகளை நட்டு, 1988இல் நிறுவிய தோட்டத்தில், கபர்னே சோவின்யோன் போன்ற வினிஃபெராக் கொடிகள் இரண்டாம் பழத்தை அறவே துறக்க வேண்டியிருந்தது. கோடைக் கவாத்தில் கிளையை மட்டும் வளர்த்து, மழை ஓயும் தறுவாயில் மறு கவாத்து செய்து, பிப்ரவரி, மார்ச்சில் ஒரே அறுவடை எடுப்பதே அங்கு நிலைபெற்ற முறை. பிரான்சில் இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில் பறிக்கப்படும் பழம் இங்கு கோடையின் வாசலில் பறிக்கப்படுகிறது. மழையில் பழுக்கவைக்காமல் இருப்பதற்காக ஓர் அறுவடையையே விட்டுக்கொடுப்பது, இரண்டு அறுவடைகளால் பிழைத்த சிறு உழவரால் எளிதில் இயலாது. இரண்டு உலகங்களையும் ஒட்டவைக்க முயன்றது ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். பெங்களூர் நீலத்தைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு அது உருவாக்கிய அர்கா ஷியாம், அர்கா ஹன்ஸ், அர்கா த்ரிஷ்ணா ஆகிய கலப்பினங்கள் உள்ளூர்க் கொடியின் தாங்கும் திறனோடு மதுவுக்குரிய குணத்தையும் சேர்க்க நினைத்தவை. 2007இல் கர்நாடக அரசு திராட்சைப் பதன, மதுக் கொள்கையை அறிவித்தபின் நந்திப் பள்ளத்தாக்கு என்பது மதுப்புட்டிகளில் அச்சாகும் பெயராயிற்று.

பாடநூல்கள் இவ்வட்டாரத்தை மிதமான வெப்பமண்டலம் என வகைப்படுத்தி, வெப்பம் 36 பாகை செல்சியஸை அரிதாகவே தாண்டும் என்று எழுதின. 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 பாகை பதிவாயிற்று. மழையும் அவ்வாறே தன் பழைய அளவுகளை விட்டு விலகியது: 2017இல் 1,696 மில்லிமீட்டர் பெய்தது, 2022இல் 1,900ஐயும் தாண்டியது, அடுத்த ஆண்டே மாநிலத்தின் வட்டங்களில் மிகப் பெரும்பான்மை வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நான்கு மாதத்துக்கு முன் மழையைக் கணித்துக் கவாத்து நாளைக் குறிக்கும் தொழிலுக்கு, மழையின் அளவு கூடுவதைவிட அதன் நாள் தடுமாறுவதே பெரிய இடர்.

வறட்சியின் பக்கத்திலும் கதை உண்டு. வற்றாத ஆறு எதுவும் இல்லாத கோலார், சிக்கபள்ளாபுரம் மாவட்டங்களில் கருங்கல் தூண்கள் தாங்கும் திராட்சைப் பந்தல்கள் முன்பு ஏரிநீரையும் கிணற்றையும் நம்பியிருந்தன, பின்னர் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பலாயின. அவையும் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போயின. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்புக்குப் பின் குழாய்வழியே கோலாரின் ஏரிகளுக்கு அனுப்பப்பட்டு, நிலத்தடி நீரை ஊறவைக்கப் பயன்படுகிறது. ஹெப்பாள், நாகவாரப் பள்ளத்தாக்குகளின் நீருக்கும் சிக்கபள்ளாபுரத்தை நோக்கி இதேபோன்ற திட்டம் வகுக்கப்பட்டது. ஏரியில் நேரடியாக விழும் அந்நீரின் தூய்மை பற்றி உழவரிடமும் அறிவியலாளரிடமும் கேள்விகள் எழுந்தன, அவை இன்னும் முழுதாக அடங்கவில்லை. நகரத்துச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்த ஏரிகளில் தேங்கி மண்ணுக்குள் இறங்க, அவற்றின் அருகே அக்டோபரில் கவாத்து செய்த பந்தலின் பழம் பிப்ரவரியில் கூடைகளில் ஏறி, அதே நகரத்தின் தள்ளுவண்டிகளுக்கு வந்துசேர்கிறது.